மேனேஜ்மென்ட் சீட்டுக்காக வீட்டுப் பத்திரத்தை வைக்காதீர்கள்

போன வாரம் அயனாவரத்திலிருந்து ஒரு குடும்பம் படிப்பு ஆலோசனைக்கு என்னிடம் வந்தது. அப்பாவுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை, படித்தது பத்தாவது வரை. பெண் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், கட்-ஆஃப் 158. பெரியப்பா ஒரு தனியார் கல்லூரியில் பேசி வைத்திருக்கிறார்: பி.டெக் ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ், மேனேஜ்மென்ட் கோட்டா, வருடத்துக்கு மூன்று லட்சம், ஹாஸ்டல் தனி. வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கலாமா என்று கேட்கும்போதே அம்மாவுக்குக் குரல் கம்மிவிட்டது. முதல் ஐந்து நிமிடம் ஆறுதலாகத்தான் பேசினேன். அப்புறம் அந்தப் பெண் லேப்டாப்பைத் திறந்து காட்டினாள்.

அப்பா கடையின் சரக்குப் பட்டியலை எக்செல்லில் எடுத்து, எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் தரவுத்தளத்தில் ஏற்றி, அதை ஒரு ஏஐ உதவியாளரோடு இணைத்திருக்கிறாள். "ஸ்பிளெண்டருக்கு செயின் செட் இருக்கா?" என்று தட்டினால், உதவியாளர் தானே தரவுத்தளத்தில் தேடி, விலை, எந்த ரேக், எத்தனை பாக்கி என்று சொல்கிறது. பட்டியலில் இருப்பது செயின் ஸ்ப்ராக்கெட் கிட், மெக்கானிக் கேட்பது செயின் செட். சொல்லைச் சொல்லாகவே பார்க்கும் தேடலுக்கு "செட்"டும் "கிட்"டும் வேறு வேறு. அதனால் மெக்கானிக்குகள் வாயில் வரும் பெயர்களை அப்பாவிடம் கேட்டுக் கேட்டு ஒத்தசொல் பட்டியல் ஒன்று போட்டிருக்கிறாள். இதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

நான் ஒன்று தட்டிப் பார்த்தேன்: "இதை நீங்க என்ன விலைக்கு வாங்கினீங்க?" உடனே கொள்முதல் விலையைச் சொல்லிவிட்டது. அப்பா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். அந்தப் பெண் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள், "வாங்கின விலை இல்லாம தனி இண்டெக்ஸ், அதாவது தனி தேடல் பட்டியல் போடணும் சார், உதவியாளருக்கு அதை மட்டும் படிக்கிற மாதிரி கீ கொடுக்கணும்" என்றாள். மறுநாள் சாயங்காலமே சரி செய்து அனுப்பிவிட்டாள். இன்னொன்றும் திருத்தியிருந்தாள். முன்பு தேடலில் ஒன்றும் கிடைக்காவிட்டால் உதவியாளர் குத்துமதிப்பாக ஒரு விலையைச் சொல்லிக்கொண்டிருந்தது, இப்போது "ஸ்டாக்கில் இல்லை" என்கிறது.

அதனால்தான் அந்த அப்பாவிடம் நேரடியாகவே சொன்னேன்: அந்த சீட் வேண்டாம் சார்.

பணத்திலிருந்து வருவோம். நான்கு வருடத்துக்கு 12 லட்சம், ஹாஸ்டலும் வட்டியும் சேர்க்காமல். உங்கள் வீட்டில் இவள்தான் முதல் பட்டதாரி. அதற்கான அரசுக் கட்டணச் சலுகை ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் சேர்பவர்களுக்குத்தான், மேனேஜ்மென்ட் கோட்டாவில் போனால் கிடையாது. இன்ஜினியரிங்தான் வேண்டும் என்றால் கலந்தாய்வில் வருவதை எடுங்கள், அதற்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கடன் வாங்காதீர்கள். "ஏஐ" என்று பட்டத்தில் அச்சடித்திருப்பதற்காக ஒரு வீட்டை வைக்கக்கூடாது. இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

பி.காம், சி.ஏ., பேங்க் பரீட்சை பற்றியெல்லாம் சொந்தக்காரர்களே சொல்வார்கள், விடுங்கள். யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது: தேடல் வேலை. ஏஐ மாடலைக் கட்டுகிற கம்பெனிகள் உலகத்திலேயே கொஞ்சம்தான். ஆனால் அந்த மாடலுக்கு உங்கள் கடை ஸ்டாக்கும் தெரியாது, ஒரு ஆஸ்பத்திரியின் பழைய கேஸ் ஷீட்டும் தெரியாது, ஒரு வக்கீல் ஆபீஸ் கோப்பும் தெரியாது. கேள்வி வந்த நேரத்தில் சரியான பக்கத்தைத் தேடி எடுத்து அதன் முன் வைக்க வேண்டும். 2020ல் ஆராய்ச்சிக் கட்டுரையாக வந்த யோசனை இது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ கம்பெனி எம்.சி.பி. என்ற பொது இணைப்பு முறையை வெளியிட்ட பிறகு, ஒயரை மாட்டுவது, அதாவது உதவியாளரைத் தரவுத்தளத்தோடு இணைப்பது, அரைமணி நேர வேலையாகிவிட்டது. எலாஸ்டிக்சர்ச்சுக்கே அந்த முறையில் இணைத்துவிடும் ஒரு சர்வர் புரோகிராம் இருக்கிறது, என்னென்ன இண்டெக்ஸ் உண்டு, எந்த நெடுவரிசையில் என்ன இருக்கிறது என்று உதவியாளரே கேட்டுத் தெரிந்துகொண்டு தேடும்.

கஷ்டமெல்லாம் ஒயருக்கு அப்புறம்தான். யார் எதைப் பார்க்கலாம்? எது முதலில் வர வேண்டும்? தமிழில் இன்னும் கஷ்டம்: கடை, கடைக்கு, கடையில் மூன்றையும் சாதாரண அமைப்பு மூன்று தனிச் சொல்லாக எடுத்துக்கொள்ளும். "கொ" என்ற எழுத்தை யூனிகோடில், அதாவது கம்ப்யூட்டர் எழுத்துகளைச் சேமிக்கும் முறையில், இரண்டு விதமாகச் சேமிக்கலாம், கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், முன்கூட்டியே ஒரே விதத்துக்கு மாற்றி வைக்காவிட்டால் தேடலில் சிக்காது. இதில் பொறுமையாக உட்காருகிற ஆள் வேண்டும், இந்தப் பெண் அப்படி உட்காருகிறாள்.

வழி இதுதான். அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் அல்லது பி.சி.ஏ., கட்டணம் வருடத்துக்குச் சில ஆயிரத்தில் முடியும். அதன் பிறகு எம்.சி.ஏ. போகலாம், ஆனால் நான் சொல்வது நூலக, தகவல் அறிவியல் முதுகலை. சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே அதற்குத் துறை இருக்கிறது. பெரியப்பா இதைக் கேட்டால் "லைப்ரேரியனா?" என்பார். 1924ல் அதே பல்கலைக்கழகத்துக்கு நூலகராகப் போன எஸ்.ஆர். ரங்கநாதன் கணக்கு வாத்தியார்தான். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பதை ஒரு விதியாகவே வைத்தவர். உங்கள் பெண் கடையில் செய்திருப்பதும் அதுதான் சார், ரேக் நம்பரோடு.

இந்த லீவில் அவளுக்கு ஒரே ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். கவுன்டரில் உட்கார்ந்து, வருகிறவர்கள் கேட்கிற ஐம்பது கேள்விகளை அவர்கள் சொன்ன மாதிரியே எழுத வேண்டும். ஒவ்வொன்றையும் தேடிப் பார்த்து, சரியான பொருள் முதல் ஐந்தில் வந்ததா என்று குறிக்க வேண்டும். வராதவற்றுக்குக் காரணம் எழுத வேண்டும், எழுத்துப்பிழையா, பெயர் வேறா, பட்டியலிலேயே இல்லையா என்று. பின்னாளில் வேலைக்கு எடுப்பவர் முன் வைக்க அந்த நோட்டு போதும்.

அட்வான்ஸ் கட்ட வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள் என்று கல்லூரியிலிருந்து போன் வந்துகொண்டே இருக்கிறதாம். கட்டாதீர்கள். பெரியப்பா கேட்டால் என் நம்பரைக் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.