அன்லிமிடெட் என்று வாங்கினேன், படம் ஏறவில்லை

கேள்வி: தளத்தில் ஃபைல் திறக்கவே நேரமாகிறது. சர்வர் ரேமை 4 ஜி.பி.யிலிருந்து 16 ஆக்கியும் மாற்றமில்லை. அடுத்து எதை வாங்கலாம்? (கோவை)

பதில்: எதையும் வாங்காதீர்கள். லினக்ஸ் சர்வரில் 'டாப்' (top) கட்டளை போட்டு 'டபிள்யூ.ஏ.' (wa, அதாவது காத்திருப்பு) என்ற எண்ணைப் பாருங்கள். அது ஏறியிருந்தால் பிராசஸர் டிஸ்குக்காகக் காத்துக் கிடக்கிறது. பணம் கட்டும் முன்பே பார்த்திருக்க வேண்டியது இது.

கேள்வி: சிறிய சேலைக் கடை, நான் ஒருத்திதான் நடத்துகிறேன். 'அன்லிமிடெட் எஸ்.எஸ்.டி. ஹோஸ்டிங்' என்று மூன்று வருடப் பணம் கட்டினேன். படம் ஏற்றினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பெரிய பிளானுக்கு மாறச் சொல்கிறார்கள். (ஈரோடு)

பதில்: உங்கள் மேல் தப்பில்லை அம்மா. ஒரே சர்வரைப் பல தளங்களுக்குப் பங்கிடும் பகிர்வு ஹோஸ்டிங்கில் பல நிறுவனங்கள் கிளவுட்லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டு, ஆளுக்கு இவ்வளவு என்று டிஸ்க் வேகத்துக்கு வரம்பு வைக்கின்றன. நொடிக்கு 1 எம்.பி. என்ற வரம்பில் 5 எம்.பி. படம் ஒன்றை எழுத மட்டும் 5 நொடி. வேர்ட்பிரஸ் அதையே அரை டஜன் அளவுகளில் நகலெடுக்கும். வரம்பு முட்டினால் பிழைச் செய்தி வராது, வேலை மெதுவாகும், அவ்வளவுதான். கண்ட்ரோல் பேனலில் 'ரிசோர்ஸ் யூசேஜ்' பக்கத்தில் ஐ.ஓ. (டிஸ்கில் படிப்பது, எழுதுவது) கோடு உச்சியில் தட்டையாக நிற்கிறதா பாருங்கள்.

'அன்லிமிடெட்' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். இடத்துக்கு அளவில்லை என்பார்கள். ஃபைல் எண்ணிக்கைக்கு, அதாவது ஐநோடுக்கு, வரம்பை விதிமுறையின் கடைசியில் ஒளித்து வைப்பார்கள். நானும் இப்படி மூன்று வருடத்துக்குக் கட்டினேன். ஏழாம் மாதம் பேக்கப் நின்றது, ஐநோடு வரம்பைத் தாண்டிவிட்டதாம். மிச்சப் பணம் திரும்பவே இல்லை.

ஐ.ஓ. வரம்பு எவ்வளவு என்று மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். விளம்பரத்தைப் படம்பிடித்து வையுங்கள். பதில் சரியில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். வணிக நோக்கம் என்று தட்டிக்கழிக்கப் பார்ப்பார்கள். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவரை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே பார்க்கிறது. புகாருக்குக் கெடு இரண்டு ஆண்டு.

கேள்வி: அமேசான் கிளவுடில் 20 ஜி.பி. டிஸ்க், 'ஜி.பி.2' (gp2) என்ற வகை. காலையில் அரை மணி நேரம் பறக்கிறது, அப்புறம் படுத்துவிடுகிறது. (சென்னை)

பதில்: அந்த அளவுக்கு உங்கள் அடிப்படை வேகம் 100 ஐ.ஓ.பி.எஸ்.தான், அதாவது நொடிக்கு 100 முறை படிக்கலாம், எழுதலாம். சேமிப்பிலுள்ள 54 லட்சம் கிரெடிட்டை (கூடுதல் வேகத்துக்கான இருப்பு) வைத்து 3,000 வரை ஓடுகிறது. முழு வேகத்தில் ஓடினால் அரை மணியில் அது காலி. இரவு சும்மா இருக்கும்போது மீண்டும் சேரும். 'ஜி.பி.3' (gp3) வகைக்கு மாற்றுங்கள். எந்த அளவுக்கும் 3,000 நிரந்தரம், விலையும் குறைவு, சர்வரை நிறுத்தவும் வேண்டாம்.

கேள்வி: தளத்தின் பி.எச்.பி. நிரல் முழுவதும் என்.எஃப்.எஸ். பங்கில் (நெட்வொர்க் வழியாக இன்னொரு கணினியின் டிஸ்கில்) இருக்கிறது. பக்கம் திறக்க 4 நொடி. வேகமான நெட்வொர்க் கார்டு வாங்கலாமா? (மதுரை)

பதில்: வேண்டாம். ஒவ்வொரு சின்ன ஃபைலுக்கும் நெட்வொர்க்கில் போய்வருவதில்தான் நேரம் போகிறது. நிரலை சர்வரின் லோக்கல் டிஸ்குக்கு நகர்த்துங்கள், அப்லோடுகள் மட்டும் என்.எஃப்.எஸ். பங்கிலேயே இருக்கட்டும்.