கதிர் பட்ட கதிரில் பதர்

அன்புள்ள ஐயா,

காமா கதிர் பட்ட பார்லி விதைகளை வளர்த்தேன். ஒரு செடியில் ஒரே ஒரு தூரின் கதிரில் மட்டும் கால் பங்குக்கு மேல் பதர். அந்தக் கதிரில் தேறிய மணிகளையே மறுபடி விதைத்தேன். முளைத்த செடிகளில் ஏறக்குறையப் பாதி, பதரே இல்லாமல் விளைந்துவிட்டன. கெட்டுப்போன மரபணு தானாகச் சரியாகிவிடுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கெட்டுப்போயிருந்தால்தானே சரியாவதற்கு? கதிர்வீச்சு, மரபணுக்களைத் தாங்கும் இழையான குரோமோசோமை முறிக்கிறது. முறிந்த முனைகளைச் செல் ஒட்டவைக்கும்போது ஆள் மாறிவிடுவதுண்டு. இரண்டு குரோமோசோம்கள் இப்படித் துண்டுகளை மாற்றிக்கொள்வதே இடமாற்றம். மரபணுக்கள் அத்தனையும் இருப்பதால் செடி திடமாகவே வளரும். வம்பு பூக்கும்போதுதான்.

மகரந்தமும் சூலும் உருவாகக் குரோமோசோம்கள் பாதியாகப் பிரியும் குன்றல் பகுப்பில், ஒத்த பகுதிகள் ஒன்றையொன்று தேடிச் சேர வேண்டும். மாறிய இரண்டும் மாறாத இரண்டும் கைகோத்து ஒரு வளையமாகிவிடுகின்றன. பார்லியின் 14 குரோமோசோம்கள் 7 இணைகளாக நிற்பதற்குப் பதில், 5 இணைகளும் ஒரு வளையமுமாக நிற்கும். வளையம் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரிந்தால் குறையில்லை. அடுத்தடுத்தவை ஒரே பக்கம் போனால் ஒரு துண்டு இரட்டித்து, இன்னொன்று விடுபட்டுப்போகும். அந்தச் சூல்தான் உங்கள் பதர். மக்காச்சோளத்தில் ஏறக்குறையப் பாதி இப்படி வீணாகும். பார்லியில் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரிவதே அதிகம், இழப்பும் குறைவு.

ஒரு தூர் மட்டும் ஏன்? விதையின் கருவில் ஏற்கெனவே பல செல்கள். அடிபட்ட செல்லிலிருந்து கிளம்பிய தூர் அது.

அடுத்த தலைமுறையில் கால் பங்கு பழைய அமைப்பு, கால் பங்கு இருபுறமும் மாறிய அமைப்பு. இரண்டிலும் வளையம் கிடையாது, பதரும் கிடையாது. உங்கள் ‘பாதி’ இதுதான். விநோதம் எது தெரிந்தாலும் மரபணு கெட்டது என்று சொல்லிவிடுகிறோம். எனக்கு அதில் எரிச்சலே உண்டு. மரபியலாளர் ஸ்டாட்லர் எக்ஸ் கதிர் பாய்ச்சி வளர்த்த மக்காச்சோளத்தை 1931இல் குரோமோசோம் ஆய்வாளர் பார்பரா மெக்ளின்டாக் நுண்ணோக்கியில் பார்த்தபோது, இடமாற்றங்களும் தலைகீழாகத் திரும்பிய துண்டும் கண்ணெதிரே கிடந்தன.

நிறைந்த கதிர் தந்தவற்றில் மாறியது எது, பழையது எது என்று பார்த்தால் தெரியாது. ஒவ்வொன்றையும் கதிர்வீச்சு படாத பார்லியோடு ஒட்டுக்கலப்பு இல்லாமல் மகரந்தக் கலப்பு செய்துபாருங்கள். பிள்ளைச் செடியின் மகரந்தத்தை அயோடினில் இட்டால் நிறைந்த தூள் கருநீலமாகும். மாறியதன் பிள்ளை என்றால், நடுநடுவே வெளிறிச் சுருங்கிய தூள்கள் கிடக்கும்.