நேற்று வந்த நண்பர்

அன்புள்ள ஐயா,

எங்கள் கல்லூரியில் அடுத்த பருவத்துக்கான இயற்கை மொழிச் செயலாக்க (மனித மொழியைக் கணினி கையாளும் துறை) பாடத்திட்டத்தை வகுக்கும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. அடுத்தடுத்து வரும் சொற்களையோ எழுத்துகளையோ எண்ணிப் பார்க்கும் என்-கிராம் முதலான பழைய முறைகளிலிருந்து தொடங்குவதா, நேரடியாக இன்றைய மொழி மாதிரிகளின் அடிப்படையான டிரான்ஸ்ஃபார்மருக்குப் போய்விடுவதா? எந்த நிரல்மொழி, தேர்வுக்கு எத்தனை மதிப்பெண் என்பதையும் சொல்லுங்கள். வரைவை இணைத்திருக்கிறேன்.

அன்புள்ள நண்பருக்கு,

தன் பாடத்திட்டத்தைப் பிறரிடம் காட்டத் துணிகிற ஆசிரியர்கள் குறைவு. அதற்காகவே உங்கள் வரைவை இரண்டு முறை படித்தேன். பைதான் போதும். மதிப்பெண் கணக்கை உங்கள் துறை பார்த்துக்கொள்ளும். ஆனால் 15 வாரங்களில் 13 வாரங்களுக்குக் கருவிகளின் பெயர்களையே தலைப்பாக இட்டிருக்கிறீர்களே, மாணவர்கள் ஒரு வாக்கியத்தையாவது உட்கார்ந்து படிக்கும் வாரம் எது?

நானும் இதே பிழையைச் செய்தவன்தான். முதல் ஆண்டு கரும்பலகை நிறையச் சூத்திரங்களை எழுதினேன். மாணவர்கள் அவற்றை விடைத்தாளில் இறக்கிவைத்துவிட்டுப் போனார்கள். மறு ஆண்டு, பாதி சலிப்பில், "நான் நேற்று வந்த நண்பரைப் பார்த்தேன்" என்பதைக் கொடுத்து, எந்தச் சொல் எதைத் தழுவுகிறது என்று கோடு போடச் சொன்னேன். பத்து நிமிட வேலை என்று நினைத்தது மணியடிக்கும்வரை ஓயவில்லை. நண்பர் வந்தது நேற்றா, நான் பார்த்தது நேற்றா என்று வகுப்பே இரண்டாகப் பிரிந்தது. அதுவரை வாய் திறந்தறியாத ஒரு மாணவி எழுந்து, "நமக்குள்ளேயே ஒத்துப்போகாதபோது இயந்திரத்துக்கு எதைச் சரியென்று சொல்லிக்கொடுப்பது?" என்று கேட்டாள்.

முதல் நான்கு வாரங்களை அந்தக் கேள்விக்குக் கொடுங்கள். இப்படி இரண்டு விதமாகப் படிக்கக்கூடிய ஒரே 200 வாக்கியங்களுக்கு, இரண்டு குறிகளில் ஒன்றை இருவர் தனித்தனியே இடட்டும். 90 விழுக்காடு ஒத்துப்போனதென்று மகிழ்ந்து வருவார்கள். இருவருமே பத்தில் ஒன்பது வாக்கியங்களுக்கு ஒரே குறியை இட்டிருந்தால், அதே விகிதத்தில் கண்ணை மூடிக்கொண்டு இட்டாலும் 82 விழுக்காடு ஒத்துப்போகும் என்பதை அப்போது காட்டுங்கள். தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டுப் பார்க்க கோஹன் 1960இல் வகுத்த கப்பா அளவை (முழுதும் ஒத்துப்போனால் 1) அங்கே ஏறத்தாழ 0.44தான். இந்த அடியைத் தாங்களே வாங்கியவர்கள், பிறகு எந்த மொழி மாதிரியின் துல்லியக் கணக்கையும் அப்படியே நம்பிவிட மாட்டார்கள்.

இதை எழுத்தர் வேலை என்று முகம் சுளிக்க வேண்டாம். ரஷ்யக் கணிதவியலாளர் மார்க்கோவ் 1913இல் கவிஞர் புஷ்கினின் 'யெவ்கெனி ஒனேகின்' காவியத்தின் 20,000 எழுத்துகளை உயிர், மெய் என்று பிரித்து, எதை அடுத்து எது வருகிறது என்று கையாலேயே எண்ணினார். நீங்கள் பழைய முறை என்று ஒதுக்க நினைக்கும் என்-கிராமின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஆகவே அந்த நான்கு வாரங்கள் முடிந்ததும் முறைகளை அதிலிருந்தே தொடங்குங்கள். 2017இல் வந்த டிரான்ஸ்ஃபார்மர் எட்டாவது வாரம்வரை காத்திருக்கும்.

வரைவைத் திருத்தி மீண்டும் அனுப்புங்கள், கட்டாயம் படிப்பேன். முதல் மாதத்துக்கே கணினி ஆய்வகத்தைக் கேட்டிருந்தால் மட்டும் படிக்காமல் திருப்பிவிடுவேன்.