சோர்பே மெஷின் வாங்குவதற்கு முன்

வீட்டிலேயே சோர்பே செய்வது பற்றி இந்தக் கோடையில் நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. பாலும் கிரீமும் இல்லாமல், பழக்கூழோ டீ டிகாஷனோ சர்க்கரையோடு சேர்ந்து உறைந்தால் அதுதான் சோர்பே. எதை வாங்குவது, எதை வாங்காமல் விடுவது என்று கேட்டவர்களுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன்.

ஆன்லைனில் ஐஸ்கிரீம் மேக்கர் ஒன்று தள்ளுபடியில் கிடைக்கிறது. கிண்ணத்தை ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் போதும் என்கிறார்கள். எங்கள் வீட்டில் சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ். வாங்கலாமா? (வாசகி, திருச்சி)

இப்போதைக்கு வேண்டாம். அந்தக் கிண்ணத்தின் சுவருக்குள் ஒரு திரவம் இருக்கிறது. அது முழுக்க உறைந்தால்தான் உள்ளே ஊற்றும் பழக்கூழ் உறையும். அதற்கு மைனஸ் 18 டிகிரியில் கிட்டத்தட்ட ஒரு முழு நாள் கிண்ணம் இருக்க வேண்டும். சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டி பெரும்பாலும் அந்தக் குளிருக்குப் போகாது. அதுவும் மே மாதத்தில், வீட்டில் எல்லோரும் தண்ணீர் பாட்டிலுக்காகக் கதவைத் திறந்துகொண்டே இருக்கும்போது, சொல்லவே வேண்டாம். கிண்ணம் பாதிதான் உறைந்திருக்கும், மெஷின் அரை மணி நேரம் சுற்றினாலும் உள்ளே ஜூஸ் ஜூஸாகவே இருக்கும். மெஷின் மேல் பழி விழும், ஆனால் குறை ஃப்ரீசரில்.

ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் பிஇஇ ஸ்டிக்கரின் நட்சத்திரங்களை இதற்கு நம்ப வேண்டாம். அவை மின்சாரச் சிக்கனத்தைச் சொல்பவை. ஃப்ரீசரின் குளிருக்கென்று தனி நட்சத்திரக் குறி உண்டு. ஃப்ரீசர் கதவிலோ மேனுவலிலோ பனிப்படிகம் போன்ற நட்சத்திரமாக இருக்கும். ஒன்று இருந்தால் மைனஸ் 6 டிகிரி, இரண்டு இருந்தால் மைனஸ் 12, மூன்று இருந்தால் மைனஸ் 18. குறியே இல்லையென்றால் ஒரு சோதனை: கடையில் ஒரு கப் ஐஸ்கிரீம் வாங்கி ஒரு ராத்திரி முழுக்க உள்ளே வையுங்கள். காலையில் ஸ்பூன் லேசாக இறங்கினால் உங்கள் ஃப்ரீசர் இந்த மெஷினுக்குப் போதாது. ஸ்பூன் இறங்கத் திணறினால் சரி, யோசிக்கலாம்.

டபுள் டோர் வைத்திருப்பவர்களும் ஆர்டர் போடுவதற்கு முன் ஃப்ரீசர் தட்டின் உயரத்தை அளந்துவிடுங்கள். கிண்ணத்தின் உயரம் விளம்பரத்தில் சின்ன எழுத்தில்தான் இருக்கும். வாங்கிய பிறகு கதவு மூடவில்லை என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். தானே குளிரூட்டும் கம்ப்ரஸர் வகைக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஆனால் விலை பல மடங்கு, எடையும் அதிகம், சமையல் மேடையில் பாதியைப் பிடித்துக்கொள்ளும். வாரம் தவறாமல் செய்யும் வீட்டுக்கு மட்டும் அது பொருந்தும்.

உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் மிக்ஸியே போதும். கலவையை ஐஸ் டிரேயில் ஊற்றி ராத்திரி உறைய விடுங்கள். மறுநாள் வெளியே எடுத்து, கட்டிகளின் ஓரம் ஈரமாகி டிரேயிலிருந்து வழுக்கும் வரை, சுமார் 10 நிமிடம், காத்திருங்கள். பிறகு பாதி ஜாருக்கு மேல் போடாமல், விட்டு விட்டு அடியுங்கள். முதலில் ரவை மாதிரி உதிரும், கொஞ்சம் வழித்துவிட்டு மறுபடி அடித்தால் திடீரென்று நிறம் வெளுத்து மழமழவென்று திரளும். அங்கேயே நிறுத்தி, எவர்சில்வர் டப்பாவில் போட்டு இன்னொரு 2 மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். மெஷின் செய்வதும் இதே வேலைதான்: ஐஸ் படிகங்களைப் பெரிதாக வளர விடாமல் உடைப்பது.

உங்கள் ஐஸ் பெட்டி அதற்கும் போதவில்லையென்றால் கல் உப்பு இருக்கிறது. 3 பங்கு உடைத்த ஐஸுக்கு 1 பங்கு கல் உப்பு, எடைக் கணக்கில். ஒரு வாளியில் போட்டு, நடுவில் மூடிய எவர்சில்வர் தூக்கில் கலவையை வைத்துத் திருப்பிக்கொண்டே இருங்கள். உப்பு ஐஸ் மைனஸ் 15 டிகிரி அளவுக்கு இறங்கும், சாதாரண ஐஸ் பெட்டியை விட அதிகக் குளிர். மூடியைத் திறக்கும் முன் உப்புத் தண்ணீரைத் துடைத்துவிடுங்கள்.

சர்க்கரையைப் பாதியாகக் குறைத்துச் செய்தேன், கல்லாக உறைந்துவிட்டது. ஐஸ்கிரீம் நறநறக்காமல் இருக்கச் சேர்க்கும் ஸ்டெபிலைசர் என்று ஒரு பவுடர் விற்கிறார்களே, அதை வாங்கினால் சரியாகுமா? (வாசகர், ஈரோடு)

ஆகாது. உங்களுக்குக் குறைந்தது சர்க்கரைதான். சோர்பேயில் சர்க்கரைக்கு இரண்டு வேலை. இனிப்பு ஒன்று; தண்ணீர் முழுவதையும் உறைய விடாமல் பிடித்து வைப்பது இன்னொன்று. மொத்தக் கலவையில் நான்கில் ஒரு பங்கிலிருந்து 30 சதவீதம் வரை சர்க்கரை இருந்தால்தான் ஸ்பூன் இறங்கும். அதில் பழத்தின் சொந்தச் சர்க்கரையும் சேர்த்தி.

இங்கேதான் நாக்கு நம்மை ஏமாற்றுகிறது. தர்பூசணி இனிப்பாக இருக்கிறதே என்று எல்லோரும் அதற்குச் சர்க்கரையைக் குறைக்கிறார்கள். ஆனால் அதில் சர்க்கரை 8 சதவீத அளவுதான், மீதி தண்ணீர். நல்ல பழுத்த மாம்பழத்தில் 15 சதவீதத்தை ஒட்டி இருக்கும். அதனால் அரை கிலோ மாம்பழக் கூழுக்கு 75 கிராம் சர்க்கரை போதும், அரை கிலோ தர்பூசணிச் சாறுக்கு 120 கிராம் வேண்டும். கம்பம் பன்னீர் திராட்சைச் சாறுக்கு 70 கிராம். வெறும் டீ டிகாஷன் அரை லிட்டருக்கு 175 கிராம், அதில் பழம் எதுவும் இல்லாததால். எதற்கும் எலுமிச்சைச் சாறு ஒரு ஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை சேர்த்தால் திகட்டாது.

கப் கணக்கை விட்டுவிட்டு ஒரு சமையல் தராசு வாங்குங்கள். இந்த வேலைக்குக் காசு செலவழிக்க வேண்டிய முதல் பொருள் அதுதான். சாறு தெளிவாக இருந்தால் முட்டைச் சோதனையும் செய்யலாம்: ஒரு டம்ளர் கலவையைத் தனியாக எடுத்து, கழுவிய பச்சை முட்டையை ஓட்டோடு அதில் விடுங்கள். மேலே ஒரு ரூபாய் நாணயம் அளவு தெரிய மிதந்தால் சர்க்கரை சரி. மூழ்கினால் போதாது. சோதித்த அந்த டம்ளரைத் திரும்பச் சேர்க்க வேண்டாம், கொட்டிவிடுங்கள். மாம்பழக் கூழ் போல் கெட்டியானவற்றுக்கு இந்தச் சோதனை உதவாது.

இனிப்பு அதிகமாகப் படுகிறது என்றால் சர்க்கரையில் நான்கில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, அதே எடைக்கு மருந்துக் கடை குளுக்கோஸ் சேருங்கள். அதில் இனிப்பு குறைவு, உறைவதைத் தடுக்கும் சக்தி அதிகம். ஆரஞ்சு வாசனை சேர்த்த பாக்கெட்டை எடுத்துவிடாமல் சாதாரணமானதைப் பார்த்து வாங்குங்கள்.

ஸ்டீவியா, சுக்ரலோஸ் போட்டால் இனிக்கும், ஆனால் கல்லாகத்தான் உறையும். துளி அளவில் போடுவதால் அவற்றால் தண்ணீரைப் பிடித்து வைக்க முடியாது. நாட்டுச் சர்க்கரை, தேன் சேர்த்ததைச் சர்க்கரை நோயாளிகளுக்கு நல்லது என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். இரத்தத்தில் அவையும் சர்க்கரைதான்.

டீ சோர்பேக்கு எந்த டீ வாங்குவது? ஐஸ் டீ பவுடர் பாக்கெட்டைக் கரைத்தால் வேலை சுலபம்தானே? (வாசகி, கோயம்புத்தூர்)

பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். உணவுப் பொருளில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பதை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக அச்சிட வேண்டும் என்பது விதி. ஐஸ் டீ பவுடரில் முதலில் வருவது பெரும்பாலும் சர்க்கரை, டீ எங்கோ பின்னால் நிற்கும். டீயின் விலைக்குச் சர்க்கரை வாங்குவது எதற்கு?

நீலகிரியின் அடிவாரத்தில் இருந்துகொண்டு நீங்கள் பவுடர் தேடவே வேண்டாம். நீலகிரி ஆர்த்தடாக்ஸ் (தூளாக்காமல் இலையாகவே சுருட்டிப் பதப்படுத்திய) தேயிலை, பால் டீக்கு விற்கும் டஸ்ட் அல்ல, நூறு கிராம் வாங்குங்கள். டஸ்ட் வேகமாக இறங்கும், துவர்ப்பும் கூடவே வரும். பால் அந்தத் துவர்ப்பை அடக்கிவிடும், சோர்பேயில் பால் கிடையாது. குளிரில் இனிப்பும் மணமும் மங்கும், துவர்ப்பு அப்படியே நிற்கும். அதனால் டீ திடமாக வேண்டுமென்றால் இலையைக் கூட்டுங்கள், நேரத்தைக் கூட்டாதீர்கள். அரை லிட்டர் தண்ணீருக்கு 12 கிராம் இலை. கொதி அடங்கிய தண்ணீரில் 4 நிமிடம், அப்புறம் வடிகட்டிவிட வேண்டும். இன்னும் நல்ல வழி: அதே அளவு இலையைக் குளிர்ந்த குடிநீரில் போட்டு ஃப்ரிட்ஜில் 8 மணி நேரம் ஊற விடுவது. துவர்ப்பு மிகக் குறைவாக இறங்கும், மணம் தங்கும்.

டீயில் நார் எதுவும் இல்லாததால் தனியாக உறைய வைத்தால் கொஞ்சம் நறநறவென்றுதான் இருக்கும். மே, ஜூனில் ஊட்டியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் பிளம்ஸ் வரும் அல்லவா, அதில் கால் கிலோவைத் தோலோடு வேகவைத்து, கொட்டையை எடுத்துவிட்டு, மசித்து, அரை லிட்டர் டிகாஷனில் 225 கிராம் சர்க்கரையோடு கலந்து பாருங்கள். பிளம்ஸில் இருக்கும் பெக்டின் கலவைக்குக் கெட்டித்தன்மை கொடுக்கும், தோல் நல்ல சிவப்பு கொடுக்கும். எனக்குத் தெரிந்த டீ சோர்பேக்களில் இதற்கு மேல் ஒன்று இல்லை.

உதிரியாக விற்கும் தேயிலையில் சாயம் கலந்திருக்குமோ என்ற சந்தேகம் வந்தால், நனைத்த வெள்ளை ஃபில்டர் தாளில் கொஞ்சம் தூவி, பிறகு தூளைத் தட்டிவிட்டுக் குழாயடியில் தாளை அலசுங்கள். கறை பளிச்சென்று படிந்திருந்தால் அந்தக் கடைக்குத் திரும்பப் போக வேண்டாம். குழந்தைகளுக்கு ராத்திரியில் டீ சோர்பே கொடுக்காதீர்கள், அதில் கஃபீன் அப்படியே இருக்கிறது. அவர்களுக்குச் செம்பருத்திப் பூவை ஊறவைத்துச் செய்து கொடுங்கள்.

சோர்பேக்கு எந்த மாம்பழம்? டின்னில் வரும் கூழ் நல்லதா? (வாசகர், சேலம்)

பங்கனப்பள்ளி. நார் இல்லை, விலையும் தாங்கும். கிளிமூக்குக்கு மணம் குறைவு. இமாம் பசந்த்தை உறைய வைத்து வீணாக்காதீர்கள், அதை வெட்டிச் சாப்பிடுங்கள். சாயங்காலம் கடைகளில் அதிகம் பழுத்ததை ஒதுக்கி விலை குறைத்துக் கொடுப்பார்கள், சோர்பேக்கு அதுதான் வேண்டும். காம்பு அருகில் முகர்ந்தால் மணம் தூக்க வேண்டும். மேலே மஞ்சளாக இருந்து, மணமே இல்லாமல், உள்ளே வெளுத்துப் புளித்தால் அது பிஞ்சிலேயே பழுக்க வைத்த காய். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது தடை செய்யப்பட்டது. எத்திலீன் வாயு மட்டும் அளவோடு அனுமதி. எதுவாக இருந்தாலும் நன்றாகக் கழுவி, தோலை நீக்கிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

கிருஷ்ணகிரிப் பக்கம் தயாராகும் டின் கூழ் சீசன் முடிந்த பிறகு நல்ல துணை. லேபிளில் சர்க்கரை சேர்த்ததா என்று பாருங்கள்; சேர்த்திருந்தால் நான் சொன்ன 75 கிராமை அதற்கேற்பக் குறைக்க வேண்டும். திறந்ததும் கண்ணாடி பாட்டிலுக்கு மாற்றிவிடுங்கள்.

உறைந்த பழத்தை அரைத்தபோது புது மிக்ஸி நின்றுவிட்டது. ஐஸ் அரைத்தால் வாரண்டி கிடையாது என்று சர்வீஸ் சென்டரில் சொல்லிவிட்டார்கள். (வாசகி, மதுரை)

முதலில் மிக்ஸியைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் சிவப்பு நிறத்தில் ஓவர்லோட் பட்டன் இருக்கும். சுமை அதிகமானால் அது தானாக வெளியே வந்து மோட்டாரைக் காப்பாற்றும். 15 நிமிடம் ஆறவிட்டு அழுத்துங்கள், பல மிக்ஸிகள் அங்கேயே உயிர் பெற்றுவிடும்.

ஓடவில்லையென்றால் வாரண்டி அட்டையையும் மேனுவலையும் எடுத்து, ஐஸ் அரைக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். எழுதியிருந்தால் உங்கள் பக்கம் பலவீனம். ஆனால் பெட்டியின் மேலோ, விற்ற இணையப் பக்கத்திலோ ஐஸ் உடைப்பதையும் ஸ்மூத்தி அடிப்பதையும் படம் போட்டுக் காட்டியிருந்தால், அதை இன்றைக்கே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு அந்தப் பக்கம் மாறிவிடலாம். செய்யும் என்று சொல்லி விற்ற வேலையைச் செய்ததற்காக வாரண்டியை மறுப்பது நியாயமில்லை. மறுப்புக்கான காரணத்தை சர்வீஸ் சென்டர் தரும் ஜாப் ஷீட்டில் (வேலைச் சீட்டு) எழுதித் தரச் சொல்லுங்கள். வாய்மொழி பதிலை ஏற்க வேண்டாம். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள், பில் கையில் இருக்கட்டும். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, 2 வருடத்துக்குள் போட வேண்டும்.

கடையில் ஐஸ்கிரீம் 500 மில்லி என்கிறார்கள். வீட்டில் செய்த அரை கிலோ சோர்பேயோடு விலையை எப்படி ஒப்பிடுவது? (வாசகர், தஞ்சாவூர்)

மில்லியை விடுங்கள், கிராமைப் பாருங்கள். ஐஸ்கிரீமில் காற்று அடித்துப் பொங்க வைப்பார்கள். ஒரு லிட்டர் குறைந்தது 525 கிராம் எடை இருக்க வேண்டும் என்பதுதான் நம் நாட்டு விதி, அப்படியானால் 500 மில்லி டப்பாவில் 263 கிராம் இருந்தாலும் விதிப்படி சரி. வீட்டில் மிக்ஸியில் அடித்த சோர்பேயில் காற்று குறைவு, அரை கிலோ என்றால் கையில் கனமாக அரை கிலோவே இருக்கும்.

கரண்ட் போய் உருகிவிட்டால் மறுபடி உறைய வைக்கலாமா? (வாசகி, நாகர்கோவில்)

உள்ளே ஐஸ் துணுக்குகள் மிச்சமிருந்தால், தொட்டால் ஃப்ரிட்ஜ் அளவு ஜில்லென்று இருந்தால், மிக்ஸியில் ஒரு சுற்று அடித்து மறுபடி வைக்கலாம். வெளிச்சூட்டுக்கு வந்து சில மணி நேரம் ஆகியிருந்தால் கொட்டிவிடுங்கள்.