குடும்ப ஜெபத்தில் 8 வயது மகன் அழுகிறான் – என்ன செய்வது?

ஜெபத்தை நிறுத்த வேண்டாம், சுருக்குங்கள். உங்கள் வீட்டு ஜெபம் நாற்பது நிமிடம் நடப்பதாக எழுதியிருக்கிறீர்கள்; அது அந்த வயதுக்கு மிக அதிகம். ஒரு பாட்டு, நான்கைந்து வசனம், சின்ன ஜெபம். பத்து நிமிடத்துக்குள் முடியட்டும். தூக்கம் சொக்கும் நேரத்தில் வைக்காமல் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே, தினமும் அதே நேரத்தில் வையுங்கள்.

ஆனால் நீளம் மட்டும் காரணமாக இருக்காது. "ஆண்டவரே, இவன் பொய் சொல்லாதிருக்க உதவும்" என்று அவன் காதுபட ஜெபிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவனுக்கு அது எல்லார் முன்னும் நடக்கும் விசாரணை. பிள்ளைகள் மனம் தளர்ந்துபோகும்படி கோபமூட்டாதீர்கள் என்று பைபிளில் கொலோசெயர் 3:21 தகப்பன்மாரிடம்தான் சொல்கிறது. கண்டிப்பதைத் தனியாக, பகலில் செய்யுங்கள்.

இரண்டு வாரம் அவன் தவறு எதையும் ஜெபத்தில் எடுக்காமல் பாருங்கள். அழுகை குறைந்தால் அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

பள்ளிக்குப் போகவும் பயந்தாலோ தூக்கம் கெட்டாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அதற்கு ஜெபத்தைக் கூட்டுவது மட்டும் போதாது.