போனவர்களை யார் கழிப்பது? மக்கள்தொகைக் கணக்கு பற்றிக் கேள்வி பதில்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, புள்ளியியல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர் பதில் சொல்கிறார்.

கேள்வி (பாலக்கோடு): சார், எங்கள் தெருவில் பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. பெங்களூரு, திருப்பூர் என்று போனவர்கள் பாதி, துபாய், குவைத் போனவர்கள் சிலர். ரேஷன் கார்டில் மட்டும் எல்லாரும் ஊரிலேயே இருக்கிறார்கள். அரசுக் கணக்குப்படி எங்கள் ஊரில் எத்தனை பேர்தான்?

எந்தக் கணக்கைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ரேஷன் கடையில் ஒரு எண், வாக்காளர் பட்டியலில் ஒரு எண், சென்சஸில் இன்னொன்று. முதல் இரண்டும் பதிவேடுகள். ஒருமுறை எழுதிய பெயர் யாராவது அடிக்கிற வரை அப்படியே இருக்கும். சென்சஸ் என்பது ஆளைத் தேடிப்போய் எண்ணுவது, அதனால் போனவர்கள் விஷயத்தில் அதை ஓரளவு நம்பலாம். ஆனால் கடைசியாக எண்ணியது 2011-இல். அப்போது தர்மபுரி மாவட்டம் 15,06,843 பேர், கிருஷ்ணகிரி 18,79,809 பேர். அதற்குப் பிறகு நாம் பார்ப்பதெல்லாம் கணித்துச் சொன்ன எண்களே.

நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: ஓர் ஊருக்கு வந்தவன் தன் வருகையைப் பதிவு செய்துவிடுவான், ஏனென்றால் அவனுக்கு கேஸ் இணைப்பு வேண்டும், பிள்ளைக்குப் பள்ளியில் இடம் வேண்டும். கிளம்புகிறவன் எதற்காகப் போய்ச் சொல்வான்? சொன்னால் 20 கிலோ அரிசி குறையுமோ என்ற பயம் வேறு. அதனால் பதிவேடுகளில் வருகிற தவறு பெரும்பாலும் ஒரே பக்கம்தான் சாயும். போனவர்கள் இருப்பவர்களாகவே நீடிப்பார்கள்.

கேள்வி (அரூர்): வெளிநாடு போகிறவர்கள் எல்லாரும் விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டைக் காட்டித்தானே போகிறார்கள்? அந்தக் கணக்கு போதாதா?

காட்டுகிறார்கள். ஆனால் அங்கே பதிவாவது ஒரு பயணம். இரண்டு வாரச் சுற்றுலாவா, பத்து வருட வேலையா என்று அதில் தெரியாது. சுற்றுலா விசாவில் போய் அங்கேயே வேலை தேடிக்கொள்கிறவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் ஊரிலேயே தெரிந்திருக்கும். இந்தியர்கள் புறப்படும்போது நிரப்பிக் கொடுத்த அட்டையையும் 2017 ஜூலை 1 முதல் நிறுத்திவிட்டார்கள்.

வெளிநாடு போகிறவர்களுக்கான 1983 குடிபெயர்வுச் சட்டப்படி ஒரு பதிவு உண்டு, உண்மைதான். பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போனால் அரசிடம் அனுமதி வாங்க வேண்டும். பத்தாவது தேறியவருக்கு அது தேவையில்லை. சிங்கப்பூர் அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஆக, ‘இந்த ஆண்டு இத்தனை பேர் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள்’ என்று அரசு வெளியிடும் எண்ணில், படித்துவிட்டுப் போகிறவர்களில் பெரும்பாலோர் இருக்க மாட்டார்கள். போனவர்கள் திரும்பி வந்ததும் அதில் கழியாது.

சென்சஸ் படிவத்தில் ‘எங்கிருந்து வந்தீர்கள்’ என்ற கேள்வி இருந்தது, ‘உங்கள் வீட்டிலிருந்து யார் வெளிநாடு போனார்கள்’ என்ற கேள்வி இல்லை. அதைத் தெரிந்துகொள்ளத் தனி ஆய்வுதான் வழி. கேரளத்தில் 1998 முதல் செய்கிறார்கள். தமிழ்நாட்டில் 2015-இல் 20,000 வீடுகளில் விசாரித்து, சுமார் 22 லட்சம் தமிழ்நாட்டவர் வெளிநாட்டில் இருப்பதாக மதிப்பிட்டார்கள்.

கேள்வி (கிருஷ்ணகிரி, கல்லூரி மாணவி): ஐரோப்பாவில் எல்லாரும் முகவரியைப் பதிவு செய்தே ஆக வேண்டுமாமே. அங்கே இந்தச் சிக்கல் வராதுதானே, ஐயா?

அங்கேதான் அம்மா அழகாக மாட்டிக்கொண்டார்கள். ஜெர்மனியில் குடிவந்தால் பதிய வேண்டும், நாட்டை விட்டுப் போனால் பதிவை நீக்க வேண்டும், இரண்டும் சட்டம். மேற்கு ஜெர்மனியில் 1987-க்குப் பிறகு சென்சஸ் எடுக்காமல் பதிவேட்டை வைத்தே எண்ணிக்கையை ஓட்டினார்கள். 2011-இல் எண்ணிப் பார்த்தால் நினைத்ததைவிடச் சுமார் 15 லட்சம் பேர் குறைவு. அதில் ஏறக்குறைய 11 லட்சம் வெளிநாட்டவர்கள். வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்கள், பதிவை நீக்கும் அலுவலகத்தை எட்டிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்கள். பெர்லினில் மட்டும் சுமார் 1,80,000 பேர் குறைந்தார்கள். நிதிப் பங்கீடு தலைக்கணக்கில் போவதால் பெர்லினும் ஹாம்பர்க்கும் அரசியல் சட்ட நீதிமன்றம் வரை போயின. 2018-இல் தோற்றன. 2022-இல் மறுபடி எண்ணினார்கள், மறுபடியும் சுமார் 14 லட்சம் குறைவு!

அதைவிட எனக்குப் பிடித்தது லிதுவேனியா. 2004-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததும் இளைஞர்கள் அயர்லாந்து, பிரிட்டன் என்று கிளம்பிவிட்டார்கள். அரசிடம் சொன்னவர்கள் கொஞ்சம்தான். பிறகு, நாட்டில் வசிப்பதாகப் பதிவில் இருக்கும் ஒவ்வொருவரும் மருத்துவக் காப்பீட்டுக் கட்டணம் கட்ட வேண்டும் என்று விதி வந்தது. வெளிநாட்டில் இருக்கிறவன் இங்கே எதற்குக் கட்டுவான்? 2010-இல் மட்டும் சுமார் 83,000 பேர் ‘நாங்கள் போய்விட்டோம்’ என்று அறிவித்தார்கள். பலர் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே போனவர்கள். அந்த எண்ணை அப்படியே படித்தால் 2010-இல் நாடே காலியானது போலத் தோன்றும். பதிவு காட்டுவது அறிவித்த தேதியைத்தான், விமானம் ஏறிய தேதியை அல்ல. அதற்குப் பிறகும் 2011 சென்சஸில் எதிர்பார்த்ததைவிடச் சுமார் 2 லட்சம் பேர் குறைந்தார்கள். நாட்டின் மொத்தமே 30 லட்சம்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

கேள்வி (பென்னாகரம், ஆசிரியை): 2027 சென்சஸ் பணிக்கு எங்களைப் போடுவார்கள். ‘மகன் சவுதியில் இருக்கிறான், அவன் பேரையும் எழுதுங்க’ என்று ஒரு அம்மா பிடிவாதம் பிடித்தால் என்ன செய்வது?

பிடிப்பார்கள், சந்தேகமே வேண்டாம். பெயர் விட்டால் கார்டு போய்விடும் என்ற பயம். முதலில் அதைத் தெளிவாகச் சொல்லுங்கள்: சென்சஸில் கொடுக்கும் தகவல் சட்டப்படி ரகசியம், ரேஷன் கடைக்குப் போகாது. 2011-இல் விதி இப்படி: வழக்கமாக அந்த வீட்டில் வசிப்பவர், பிப்ரவரி 9 முதல் 28 வரை எந்த நாளிலாவது அங்கே இருந்தால் எழுதலாம். அந்த நாட்கள் முழுக்க வெளியே இருந்தால் அங்கே எழுதக்கூடாது, எங்கே இருக்கிறாரோ அங்கே எண்ணுவார்கள். வெளிநாட்டில் இருந்தால் எங்குமே இல்லை. இந்த முறை கணக்கு நிற்கும் நேரம் 2027 பிப்ரவரி 28 முடிந்து மார்ச் 1 பிறக்கும் நள்ளிரவு. உங்களுக்குத் தரும் கையேட்டில் என்ன இருக்கிறதோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஓசூர்): எங்கள் ஊரில் கதை நேர்மாறு. சிப்காட் பக்கம் ஒரு அறைக்கு எட்டு வடநாட்டுப் பையன்கள். இவர்களை யார் எண்ணுகிறார்கள்?

பாதிப் பேரை யாரும் எண்ணுவதில்லை என்பதே என் சந்தேகம். எண்ணுபவர் பகலில் போவார், பையன்கள் ஷிஃப்டில் இருப்பார்கள், வீட்டுக்காரர் நாலு பேர் என்பார். 2011 சென்சஸ் முடிந்ததும் நடந்த சரிபார்ப்பில், நாடு முழுக்க ஆயிரத்துக்கு 23 பேர் விடுபட்டதாகத் தெரிந்தது. கிராமத்தைவிட நகரத்தில்தான் அதிகம். பென்னாகரத்துப் பையன் பெங்களூரு கட்டட ஷெட்டில் விடுபடுவதும், ஒடிசாப் பையன் ஓசூரில் விடுபடுவதும் ஒரே கதைதான். சொந்த ஊர்ப் பதிவேட்டில் இருவரும் உயிரோடு இருப்பார்கள், போன ஊர்க் கணக்கில் இல்லவே இல்லை.

கேள்வி (தர்மபுரி): ஆண்கள் வெளியே போனால் பெண்கள் விகிதம் கூட வேண்டுமே? நம் மாவட்டத்தில் 1000 ஆண்களுக்கு 946 பெண்கள்தான்!

கேரளத்தில் 1084 வந்ததற்கு வளைகுடாவும் ஒரு காரணம், சரி. ஆனால் நம் மாவட்டத்தில் அந்தக் கணக்கை மூடி மறைப்பது இன்னொன்று: பெண் சிசுக்கொலை, பிறகு ஸ்கேன் பார்த்துக் கலைத்தது. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் பக்கத்துச் சேலத்தில்தானே தொடங்கியது. இங்கிருந்து பெங்களூரு போகிறவர்கள் குடும்பத்தோடு போவதும் உண்டு. இத்தனையும் கலந்து கிடக்கும் 946-ஐ வைத்து இடப்பெயர்வைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

கேள்வி (ஊத்தங்கரை, செவிலியர்): எங்கள் சதவீத இலக்குகளையும் இது பாதிக்குமா?

நன்றாகவே. பதிவேட்டில் 1000 பேர், உண்மையில் 850 பேர்தான் ஊரில் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டில் 8 மரணம். ஏட்டின்படி இறப்பு விகிதம் 8, உண்மையில் 9.4. ஊர் ஆரோக்கியமாக இருப்பது போல ஒரு தோற்றம். தடுப்பூசியில் உங்களுக்கு அதுவே பழியாகத் திரும்பும், குழந்தை பெங்களூரில் இருக்க இங்கே ‘விடுபட்டது’ என்று எழுதுவார்கள். போனவர் வெளிநாட்டிலேயே இறந்து, தகவல் வராவிட்டால் இன்னும் வேடிக்கை: ஏட்டில் அவருக்கு நூறு வயது தாண்டும். நீங்கள் வீடு வீடாகப் போய் எழுதும் பட்டியலையே நான் நம்புவேன்.

கேள்வி (காரிமங்கலம்): சமீபத்தில் வாக்காளர் பட்டியலில் அத்தனை பெயர் நீக்கினார்களே, அதுவும் இதுதானா?

பெரும்பகுதி இதுதான். 2025 டிசம்பர் வரைவுப் பட்டியலில் மாநிலம் முழுக்க 97 லட்சத்துக்கும் மேல் பெயர்கள் போயின. அதில் 66 லட்சத்துக்கும் மேல் முகவரியில் இல்லாதவர்கள், இடம் மாறியவர்கள் என்ற கணக்கில். ஒரே மாதத்தில் கிளம்பியவர்கள் அல்ல, பல வருடங்களாகச் சேர்ந்தவர்கள். பட்டியலைத் திருத்த வீடு வீடாகக் கொடுத்த படிவத்தை வாங்க ஆள் இல்லாததால் போன பெயர்களும் அதில் இருக்கும், அதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி (மத்தூர்): என் மகன் சிங்கப்பூரில். அவன் பெயரை நாங்களே எல்லாவற்றிலிருந்தும் எடுத்துவிட வேண்டுமா?

எல்லாவற்றிலிருந்தும் வேண்டாம். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்காதவரை, படிவம் 6ஏ கொடுத்து, பாஸ்போர்ட்டில் உள்ள ஊர் முகவரியிலேயே வெளிநாடுவாழ் வாக்காளராக இருக்கலாம். ஓட்டுப்போட மட்டும் நேரில் வர வேண்டும். ரேஷன் கார்டிலிருந்து பெயரை நீக்குவதுதான் முறை. சென்சஸில் ஆள் வந்து கேட்டால் ‘அவன் இங்கே இல்லை’ என்று சொல்லுங்கள்.