மலிவு ஹெட்போன் விலைகூடியதோடு போட்டிக்கு நிற்குமா? – வாசகர் கேள்வி பதில்

இம்முறை ஹெட்போன், இயர்போன் பற்றி வந்த கடிதங்களை மட்டும் எடுத்திருக்கிறோம்.

கேள்வி: இங்கே கடையில் 6,000 ரூபாவுக்கு ஒரு வயர் இயர்போன் பார்த்து வைத்திருக்கிறன். மச்சான் கொழும்பிலயிருந்து ஒரு இலட்சத்துக்கு மேல குடுத்து ஹெட்போன் வாங்கி வந்து, "இதுக்குக் கிட்டவும் அது வராது" எண்டு நிக்கிறார். உண்மையா?
– வாசகர், கிளிநொச்சி

ஒலியை மட்டும் வைத்துப் பார்த்தால் மச்சான் சொல்வது பாதிதான் சரி. ஜெரோன் பிரீபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை அவற்றின் சில்லறை விலையோடு ஒப்பிட்டு 2017 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தாழ்ந்த ஒலி, குரல், உயர்ந்த ஒலி ஆகியவற்றை எந்த விகிதத்தில் தருகிறது என்பதற்கும் விலைக்கும் தொடர்பில்லை என்பதுதான் அவர் கண்டது. ஒரு ஹெட்போன் காதுக்குப் பிடிப்பதும் பிடிக்காததும் பெரும்பாலும் இந்த விகிதத்தில்தான் தங்கியிருக்கிறது.

அந்த விகிதம் இப்போது இரகசியமும் இல்லை. ஒலிக்கருவிகள் தயாரிக்கும் ஹார்மன் நிறுவனத்தில் ஷோன் ஒலிவும் அவருடைய குழுவும் பல நாட்டவர்களைக் கேட்கவைத்து, பெரும்பாலானோர் விரும்பும் சமநிலையை ஒரு வளைகோடாக வரைந்து வெளியிட்டார்கள். அதைப் பார்த்து எவரும் டிரைவரை, அதாவது உள்ளே ஒலி எழுப்பும் சின்ன ஸ்பீக்கரைச் சீர்செய்யலாம், சீனத் தயாரிப்பாளர்கள் அதைத்தான் செய்கிறார்கள். 2022 இல் வந்த மூன்ட்ரொப் சூ, 7ஹெர்ட்ஸ் சல்நோட்ஸ் சீரோ என்ற இயர்போன்கள் இரண்டும் 20 டொலர் அளவில் விற்கப்பட்டவை. இரண்டிலும் பக்கத்துக்கு ஒரு 10 மில்லிமீற்றர் டிரைவர்தான் இருக்கிறது. ஆனாலும் வயரில் கேட்கும் பாட்டில் பல மடங்கு விலையுள்ள பெயர்களோடு நேருக்கு நேர் வைத்துக் கேட்கக்கூடியவை.

அப்படியென்றால் மிச்சக் காசு எங்கே போகிறது? இரைச்சல் குறைக்கும் வசதி, நல்ல மைக், பல மணி நேரம் போட்டாலும் நோகாத அமைப்பு, உடையாத மூட்டு, இடதும் வலதும் ஒரே அளவில் ஒலிப்பதை ஒவ்வொன்றாகச் சோதித்து அனுப்புவது ஆகியவற்றுக்கு. எங்களைக் கேட்டால் இவை எல்லாவற்றையும் விடப் பெரியது உதிரிப்பாகம். சென்ஹைசர் எச்டி 600 வந்தது 1997 இல். அதன் வயர், காது மெத்தை, தலைப்பட்டை எல்லாவற்றையும் இன்றும் தனித்தனியே வாங்கி மாற்றலாம். அந்த வகைத் திறந்த முதுகு (வெளிப்பக்கம் மூடப்படாத) ஹெட்போன் தரும் விசாலமான ஒலியையும் காதுக்குள் செருகும் சின்ன இயர்போனால் தர முடியாது. மச்சானுடைய பக்கத்தில் உள்ள நியாயம் இதுதான்.

கடையில் ஒப்பிடும்போது முதலில் சத்தத்தைச் சமப்படுத்துங்கள். சற்றே பலமாக ஒலிப்பது எப்போதும் நல்லது போலத்தான் கேட்கும், விற்பவர்களுக்கும் இது தெரியும். அடுத்து ரப்பர் முனையை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். காதை அடைக்காமல் இடைவெளி இருந்தால் அடித்தொனி கசிந்துபோய், நல்ல இயர்போனும் தகரம் போல ஒலிக்கும். பெரிய ஹெட்போனில் மூக்குக்கண்ணாடியின் கால் இதே கசிவை உண்டாக்கும்.

சோதிப்பதற்கு நாதஸ்வரமும் தவிலும் உள்ள நல்ல பதிவு ஒன்றைப் போடுங்கள். தவிலின் ஒரு பக்கமான தொப்பியில் கம்பு விழும் அடி குழம்பாமல் கேட்கவேண்டும், மறுபக்கமான வலந்தலையில் விரற்கூடு தட்டும் ஒலி தனியே தெரியவேண்டும், நாதஸ்வரம் மேலே போகும்போது காதைக் குத்தக் கூடாது. மலிவானவற்றில் பெரும்பாலானவை தோற்பது முதலாவதில்: தொப்பி ஊதிப் பெருத்து மற்றதையெல்லாம் மூடிவிடும். கடைசியாக ஒரு செய்தி வாசிப்பைப் போட்டுக் கேளுங்கள். குரல் தலைக்கு நடுவில் நிற்கவேண்டும். ஒரு பக்கம் சரிந்தால் அந்தச் சோடியை வாங்காதீர்கள்.

6,000 ரூபாவுக்குள் தெரிவுசெய்யும்போது வயர் கழற்றிப் பூட்டக்கூடியதாகப் பாருங்கள். 0.78 மில்லிமீற்றர் இரண்டு முள் வகை பரவலானது. முதல் பழுது வயரில்தான் வரும். சல்நோட்ஸ் சீரோவில் வயரைக் கழற்றலாம், சூவின் முதல் பதிப்பில் முடியாது.

கேள்வி: வயர் இயர்போனில் வாத்தியம் எல்லாம் கேட்குது, பாடுறவரின்ர குரல் மட்டும் கிணத்துக்குள்ள இருந்து வாற மாதிரி இருக்குது. மைக் பட்டனை அமத்திப் பிடிச்சா சரியாகுது. எறியிறதா, திருத்தலாமா?
– வாசகி, முள்ளியவளை

எறியவேண்டாம். இடது, வலது இரண்டுக்கும் பொதுவான திரும்புவயர் அறுந்திருக்கிறது. அது அறுந்தால் இரண்டு டிரைவர்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டு, இரு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே ஒலிக்கும். பாடகர் குரல் இரு பக்கத்திலும் ஒரே அளவில் பதிவாகியிருப்பதால் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. மைக் பட்டன், மைக் வயரைத் திரும்புவயரோடு இணைப்பது. அமத்தும்போது மின்னோட்டத்துக்கு வேறு வழி கிடைப்பதால் குரல் திரும்பி வருகிறது.

வெட்டுவதற்கு முன் போனின் துளையைப் பாருங்கள். கிரவல் வீதித் தூசி அடியில் இறுகிக் கிடந்தால் ஜக் முழுதாக இறங்காது, அப்போதும் இதே குறைதான் தோன்றும். போனை நிறுத்திவிட்டு மரப் பற்குச்சியால் மெதுவாகக் கிண்டி எடுக்கலாம். ஊசி வேண்டாம். போனின் தடித்த உறையையும் கழற்றிப் பாருங்கள்.

அதன் பிறகும் குறை இருந்தால் மல்ரிமீற்றரை 200 ஓமில் வையுங்கள். ஜக்கின் நுனி இடது, அடுத்த வளையம் வலது, மூன்றாவது திரும்புவயர், அடிப்பகுதி மைக். இப்போதைய போன்களில் இந்த ஒழுங்குதான், பழைய சில போன்களில் கடைசி இரண்டும் இடம் மாறியிருக்கும். நுனிக்கும் மூன்றாவதுக்கும் இடையே 16 அல்லது 32 ஓமுக்குக் கிட்ட வரவேண்டும். அது வராமல், நுனிக்கும் இரண்டாவதுக்கும் இடையே அதன் இரட்டிப்பு வந்தால் அறுந்தது திரும்புவயர்தான். பெரும்பாலும் ஜக்கின் கழுத்தில், வயர் மடியும் இடத்தில் அறுந்திருக்கும். அங்கே பிடித்து ஆட்டும்போது குரல் வந்து போனால் இடமும் உறுதி.

ஜக்கிலிருந்து நாலு சென்ரிமீற்றர் தள்ளி வெட்டி, நாலு பகுதி கொண்ட புதிய ஜக் ஒன்றைப் பூட்டுங்கள். மூன்று பகுதி ஜக் போட்டால் மைக் வேலை செய்யாது. பச்சை அல்லது நீலம் இடது, சிவப்பு வலது, செம்பு நிறம் திரும்புவயர் என்பது வழக்கம். ஆனால் எல்லாத் தயாரிப்பாளரும் இதைப் பின்பற்றுவதில்லை, மீற்றரால் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இந்த இழைகள் மேல் மின்சாரத்தைத் தடுக்கும் ஒரு எனாமல் பூச்சு இருக்கும், அதை எரிக்காமல் ஈயம் ஒட்டாது. ஈயம் ஒட்டும் அயனை 350 பாகை செல்சியசுக்கு மேல் வைத்து, நுனியில் ஒரு துளி ஈயத்தை உருக்கி, ரோசினில் (ஈயம் பிடிக்க உதவும் பிசின்) தோய்த்த இழையை அதற்குள் சில வினாடி பிடித்தால் பூச்சு எரிந்து வெள்ளி நிறம் பிடிக்கும். லைற்றரால் எரிக்கிறவர்கள் இருக்கிறார்கள், செம்பு முறுகி அடுத்த மாதமே அங்கேயே ஒடியும். இழைகளுக்கு நடுவே நைலோன் நூல் இருந்தால் நறுக்கிவிடுங்கள்.

ஜக்கின் மூடியையும் சூட்டில் சுருங்கும் குழாயையும் வயரில் முதலிலேயே கோர்த்துக்கொள்ளுங்கள். ஒட்டி முடித்த பிறகுதான் மூடி மேசையில் கிடப்பது பலருக்குக் கண்ணில் படும். ஜக்கின் ஒவ்வொரு காலிலும் அயன் மூன்று வினாடிக்கு மேல் நிற்கக் கூடாது. நின்றால் உள்ளே இருக்கும் பிளாஸ்ரிக் இளகி வளையங்கள் ஒன்றையொன்று தொட்டுவிடும்.

கேள்வி: மகள் ஏ.எல். படிக்கிறாள். சூம் வகுப்புக்கு நல்ல விலையில் புளூடூத் ஹெட்போன் வாங்கிக் கொடுத்தோம். பாட்டு அருமையாகக் கேட்கிறது, வகுப்பில் மட்டும் பழைய ரேடியோ மாதிரி. ஏமாந்துவிட்டோமா?
– ஒரு தாய், புதுக்குடியிருப்பு

ஏமாறவில்லை, அது புளூடூத்தின் குணம். மைக் திறந்தவுடன் ஹெட்போன் பாட்டு முறையை விட்டு அழைப்பு முறைக்குப் போகிறது. அதில் ஒலி ஒற்றைப் பாதையாகி, வினாடிக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகளாகச் சுருங்கும். அதாவது 4,000 அல்லது 8,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் வராது. "ச", "ஸ" ஒலிகளின் கூர்மை பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் இருக்கிறது. எல்ஈ ஓடியோ என்ற புதிய முறை இதைத் திருத்துகிறது, ஆனால் ஹெட்போன், அதோடு இணையும் போன் அல்லது கணினி இரண்டிலும் அது இருக்கவேண்டும்.

மடிக்கணினியில் படிக்கிறார் என்றால் செலவில்லாத வழி உண்டு. சூமின் ஒலி அமைப்பில் ஸ்பீக்கருக்கு ஹெட்போனையும், மைக்குக்குக் கணினியின் சொந்த மைக்கையும் தெரிவுசெய்யச் சொல்லுங்கள். ஹெட்போன் பாட்டு முறையிலேயே நிற்கும். போனில் படிக்கிறார் என்றால் மைக் உள்ள வயர் இயர்போன் ஒன்று போதும், வகுப்பைப் பொறுத்தவரை அந்த விலைகூடிய ஹெட்போனை அது வென்றுவிடும். மைக் சட்டைக் கழுத்தில் உரசாமல் பார்த்துக்கொள்ளட்டும்.

போனில் வட்டத் துளை இல்லாவிட்டால் டைப்-சி மாற்றி வாங்கவேண்டிவரும். உள்ளே ஒலிமாற்றிச் சிப் உள்ளதையே கேட்டு வாங்குங்கள். வெறும் வயர் இணைப்பாக வரும் மலிவு மாற்றி பல போன்களில் ஒரு சத்தமும் தராது, பழி இயர்போன் மேல் விழும்.

கேள்வி: பெட்டியில் "50 மி.மீ. டிரைவர், 10 முதல் 40,000 ஹெர்ட்ஸ்" என்று போட்டிருக்கிறது. இது தரத்துக்கு அடையாளமா?
– வாசகர், பரந்தன்

இல்லை. மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும், வயது ஏற ஏற அதுவும் குறையும். எவ்வளவு டெசிபெல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று சொல்லாத வரைக்கும் அந்த எண்களுக்குப் பொருளே கிடையாது.

கேள்வி: கிழமைக்கு இரண்டு தரம் யாழ்ப்பாணம் பஸ்ஸில் போய் வருகிறேன். இரைச்சல் குறைக்கும் ஹெட்போனில் மலிவானது எடுபடுமா?
– வாசகர், வவுனியா

விலைகூடியவை உண்மையாகவே வெல்லும் இடம் இது. மலிவானவையும் எஞ்சின் உறுமலைக் குறைக்கும், ஆனால் பெட்டியில் எழுதியிருக்கும் டெசிபெல் ஏதோ ஒரு சுருதியில் கிடைத்த உச்ச அளவாகத்தான் இருக்கும். மேல்நிலை மாதிரிகள் அந்தக் குறைப்பைக் கூடுதல் பரப்பில் தருகின்றன. எதுவானாலும் இந்த வசதி தாழ்ந்த, தொடர்ச்சியான ஒலிக்கே பொருத்தமானது. ஹோர்ண், பக்கத்து இருக்கைப் பேச்சு, பஸ்ஸின் பாட்டு எதையும் அது முற்றாக நிறுத்தாது.

நம் பஸ்களில் இன்னொரு சிக்கல், யன்னல் திறந்திருக்கும். ஏ9 வீதியில் பஸ் வேகமெடுக்கும்போது காற்று ஹெட்போனின் வெளிமைக்கில் அடித்து, இல்லாத உறுமலை உள்ளே கொண்டுவரும். காற்றுக் குறைப்பு அமைப்பு இருந்தால் அதைப் போடுங்கள், இல்லாவிட்டால் இரைச்சல் குறைப்பை நிறுத்துவது மேல். ஒரு வயர் இயர்போனில் பஞ்சு முனை பூட்டினால் இந்தப் பயணத்துக்குப் பெரும்பாலும் போதும். முனையை விரலால் உருட்டி ஒடுக்கிக் காதில் வைத்து, விரியும்வரை அரை நிமிடம் பிடியுங்கள். வியர்வையில் பஞ்சு சில மாதங்களில் ஊறிப் போகும், மேலதிகச் சோடி ஒன்று வைத்திருங்கள்.

கேள்வி: உழவு நேரம் லாண்ட்மாஸ்டர் சத்தத்துக்கு மேலால பாட்டுக் கேட்கக்கூடிய மலிவான இயர்போன் சொல்லுங்கோ.
– வாசகர், மாங்குளம்

சொல்லமாட்டோம். பிடித்து நடப்பவரின் காதில் அந்த எஞ்சின் 90 டெசிபெல்லைத் தாண்டுவது வழமை. 85 டெசிபெல்லில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்பது வேலைத்தளங்களுக்குச் சொல்லப்படும் எல்லை, ஒவ்வொரு 3 டெசிபெல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகும். 91 இல் 2 மணி, 97 இல் அரை மணி. எஞ்சினுக்கு மேலால் பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் நீங்கள் இந்தக் கடைசி எண்ணுக்குத்தான் போவீர்கள். காதுக்காப்பு ஒன்றைப் போட்டு உழுங்கள், பாட்டை வரம்பில் இருந்து கேளுங்கள்.

கேள்வி: ஒலிப்பதிவுக்கென்று 250 ஓம் ஹெட்போன் ஒன்று பாவித்ததாக வாங்கினேன். போனில் சத்தமே காணாது. பழுதா?
– வாசகர், ஒட்டுசுட்டான்

பழுதாக இருக்காது. 250 ஓமில் ஒரு மில்லிவாட் கொடுக்க அரை வோல்ற் வேண்டும். 32 ஓமுக்கு 0.18 வோல்ற் போதும். உங்களுடையது மில்லிவாட்டுக்கு 96 டெசிபெல் தருவது என்று வையுங்கள். அரை வோல்ற் மட்டும் தரும் போனில் அல்லது டைப்-சி மாற்றியில் உச்சமே 96 தான், பாட்டின் சராசரி அதற்கு 15, 20 டெசிபெல் கீழே நிற்கும். இரண்டு வோல்ற் தரும் மாற்றி அல்லது ஒலிப்பதிவு இன்டர்பேஸ் ஒன்றில் பூட்டினால் 12 டெசிபெல் ஏறும்.

கேள்வி: கழுத்தில் போடும் புளூடூத் ஒரு வருசத்தில் அரை மணி நேரம் கூட நிற்குதில்லை. புதிது வாங்குவதா?
– வாசகர், மல்லாவி

பற்றரியை மாற்றலாம். கழுத்துப்பட்டி வகையின் நல்ல குணமே அது. காதுக்குள் தனித்தனியே போடும் மொட்டுகளை (இயர்பட்ஸ்) திறந்தால் பசை பிய்ந்து திரும்ப மூடவராது. உங்களுடையதில் தடித்த பக்கத்து மூடியை நெம்பினால் ஒரு தட்டைப் பற்றரி தெரியும். அதன் மேல் உள்ள ஆறு இலக்கம்தான் அளவு: 401230 என்றால் 4 மி.மீ. தடிப்பு, 12 அகலம், 30 நீளம். பாதுகாப்புத் தகடு கூடவே வரும் 3.7 வோல்ற் பற்றரியை அதே அளவில் கேளுங்கள். பழைய பற்றரியின் வயர்களை ஒவ்வொன்றாக வெட்டுங்கள். இரண்டையும் சேர்த்து வெட்டினால் கத்திரியில் சோட் ஆகிப் பொறி பறக்கும். சிவப்பைச் சிவப்போடு ஒட்டி, மூடுவதற்கு முன் சார்ஜில் போட்டு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். பற்றரி வீங்கியிருந்தால் குத்தவோ நெம்பவோ வேண்டாம், திருத்துபவரிடம் கொடுங்கள். மாற்றிய பிறகு வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் சார்ஜ் போடாதீர்கள்.